ஐயா என்று அடித்த இடங்கள்

அந்தத் தெருவில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். காய்கறிக் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே, "ஆராய்ச்சிக்கு முதல்ல போட்டு அனுப்புப்பா, யோசிச்சுக்கிட்டே நின்னுடுவாங்க" என்பார். அவளுக்கு அதில் கோபமில்லை. கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. ஒவ்வொரு விடுமுறைக்கு முன்பும், அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று அலுவலகக் கதவருகே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டிய வேலை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். மகள் அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்து நின்ற பிறகும் பட்டம் வந்தபாடில்லை. உறவில் யாரைப் பார்த்தாலும் "தீசிஸ் முடிஞ்சுதா?" என்பார்கள், வீட்டில் நோயாளி யாரையோ விசாரிப்பது போல.

கடைசியில் ஒருவழியாக முடிந்தது. முடிந்ததோடு நிற்கவில்லை. வட்டார ஆய்வுகளுக்கென்று உள்ள ஒரு நிறுவனம், சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு விருது கொடுக்கும். அதன் இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று ஆய்வேடுகளில் இவளுடையதும் ஒன்று. விருது வாங்குகிறவருக்கு அந்த நிறுவனத்திலேயே நிரந்தர வேலை உண்டு. பட்டம் வாங்கி அதிக காலம் ஆகாதவர்கள்தான் போட்டிக்கு வர முடியும். இந்த முறை விட்டால் இவளுக்கு மறுமுறை கிடையாது. அலுவலகக் கதவருகே நிற்பது இந்த வருடத்தோடு ஒழியுமா, தலைமுடி நரைத்த பிறகும் தொடருமா என்பதுதான் கேள்வி.

அவள் எழுதியது கழிமுகப் பகுதியின் மீன் ஏலக் கொட்டகைகளைப் பற்றி. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்த வட்டாரத்தில் ஏலமும் சண்டையும் சேர்ந்தேதான் நடக்கும். முதல்முறை போனபோது, மீன் வாங்க வந்த ஒரு பெண்மணி ஏலக்காரரைப் பார்த்து, "ஐயா பெரிய மனுசரு, நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்பது ஏலக்காரரின் முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு 'ஐயா'வைப் பிடித்துக்கொண்டுதான் ஆராய்ச்சி கிளம்பியது. எல்லா ஊரிலும் கோபம் வந்தால் மரியாதை இறங்கும். இந்த வட்டாரத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறுகிறது என்பது அவளுடைய முடிவு. அதற்கு 'ஏறுமரியாதை' என்று பெயரும் வைத்தாள். மூன்றாம் இயல் முழுக்க அதுதான். ஆய்வேட்டைப் படித்த எல்லோரும் அந்த இயலைத்தான் புகழ்ந்தார்கள்.

நாள் முழுக்க அங்கே நிற்க முடியாததால், கருவியைக் கொட்டகைகளில் வைத்துவிட்டு வந்து பதிவு செய்த பேச்சு மலைபோல் குவிந்திருந்தது. அதையெல்லாம் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தாக வேண்டும். கல்லூரி, வீடு, மகளுடைய பரீட்சை என்று கிடந்தவளுக்கு மணிக்கட்டு வீங்கியது. அப்போது கைகொடுத்தவர் அண்ணி.

அண்ணி என்றால் கணவரின் அக்கா. சிவில் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் முன்னறை அவருடையது. அவர் அடித்த தாளை எந்த நீதிபதியும் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "பேச்சைக் கொண்டாடி, நான் அடிச்சுத் தர்றேன். வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்று வாங்கிக்கொண்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி மாதக்கணக்கில் அடித்தார். ஆராய்ச்சி முதல் சில பக்கங்களைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். 'ம்', 'ஆங்' கூட விடுபடவில்லை. அதன்பிறகு பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, அண்ணியைச் சந்தேகப்பட மனமும் இல்லை. நன்றியுரையில் 'என் விரல்களாக இருந்த அண்ணிக்கு' என்று எழுதி அவர் பெயரையும் போட்டாள். அந்தப் பக்கத்தைத் தெருவில் பார்க்காத ஆள் கிடையாது. காய்கறிக் கடைக்காரர்கூடப் பார்த்தார்.

இறுதிச் சுற்றுக்கு முந்தின நாள் காலையில்தான் தலையில் இடி இறங்கியது. நேர்காணலில் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, அதற்குரிய பதிவையும் போட்டுக் காட்ட வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம். எல்லோரும் மேற்கோள் காட்டிய பக்கம். ஏலக்காரர், வாங்க வந்த ஒருவரிடம் சொல்கிறார்: "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழலு பட்டாலே என் தராசு எறங்கிப்போகுதுங்க, ஐயா." அவர் பதில் சொல்கிறார்: "உங்க தராசைப் பத்தி ஊருக்கே தெரியுங்க, பெரியவரே."

பதிவைத் தேடி எடுத்துப் போட்டாள். கொட்டகையின் இரைச்சலுக்கு நடுவே ஏலக்காரரின் குரல் கணீரென்று வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுடா. உன் நிழலு பட்டாலே என் தராசு எறங்கிப்போகுது, திருட்டுப்பயலே." மற்றவர் சளைக்கவில்லை. "உன் தராசைப் பத்தி ஊருக்கே தெரியும்டா, களவாணி."

வேறு பதிவாக இருக்கும் என்று நினைத்துத் தேதியைப் பார்த்தாள். அதேதான். அடுத்த சண்டையைப் போட்டாள். அச்சில் 'சொல்லுங்க அண்ணாச்சி' என்றிருந்த இடத்தில் குரல் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதற்கடுத்ததும் அப்படியே. முதல்முறை போனபோது கேட்ட அந்தப் பெண்மணியின் 'ஐயா' மட்டும் உண்மையாகவே இருந்தது. அதைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. மற்றதெல்லாம் நல்ல, திடமான, வாய் நிறைந்த வசவு.

அண்ணி முன்னறையில், மறுநாள் உடுத்துவதற்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்த இடத்துல 'ஐயா'ன்னு அடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"அவர் ஐயான்னு சொல்லலையே."

"அந்த ஆளு வாயில அது வேற வருமா? கேட்டியா நீ, என்ன பேச்சு!"

"கேட்டேன் அண்ணி. திருட்டுப்பயலேன்னு சொல்றார்."

"அதை எப்படிடி அடிக்கிறது?" அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பெரிய படிப்பு. நாலு பேரு படிக்கிற புஸ்தகம். அட்டையில உன் பேரு போட்டு, உள்ள பூரா கண்றாவி இருந்தா உன்னைத்தானே கேவலமா பேசுவாங்க? கோர்ட்டுல நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பெரிய ஜட்ஜ் ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? காதுல விழுறதை அடிக்காதேம்மா, கோர்ட்டு கேக்கக்கூடியதை அடின்னு சொன்னாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான் அடிச்சேன்."

"எந்தெந்த இடத்துல மாத்தினீங்க?"

"எங்கெல்லாம் கேக்கக் கூசிச்சோ அங்கெல்லாம்தான். மத்தபடி ஒரு எழுத்து மாத்தல. என் தொழில்ல அப்படி நான் செய்யமாட்டேன்."

ஆராய்ச்சி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கோபம் உச்சத்துக்குப் போன இடத்தில்தான் கேட்கக் கூசும். கூசின இடத்திலெல்லாம் அண்ணி மரியாதை போட்டிருக்கிறார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறியது கழிமுகத்தில் அல்ல, இந்த முன்னறையில். மூன்றாம் இயல் ஒரு வட்டாரத்தின் குணத்தைச் சொல்லவில்லை. அவளுடைய நாத்தனாரின் குணத்தைச் சொல்லியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. விஷயத்தை எடுத்துச் சொன்னாள். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுண்டிப்போயிற்று. இஸ்திரிப் பெட்டியின் வயரை எடுத்துக் கையில் சுற்றத் தொடங்கினார், அது சூடு ஆறுவதற்கு முன்பே.

"அந்தப் பொம்பளை நெசமாவே ஐயான்னு சொன்னாளே, அது இருக்குல்ல?" என்றார் கடைசியில்.

"இருக்கு."

"அதைப் போட்டுக் காட்டிட்டு வா. மிச்சத்தை எவன் வந்து கேக்கப்போறான்? வேலை கிடைக்கட்டும். பொறவு உக்காந்து திருத்திக்கலாம். நானே திருத்தித் தர்றேன், கண்றாவியோட சேத்து."

அப்போது கணவர் உள்ளே வந்தார். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு, வீட்டில் மட்டும் எதுவும் கண்ணில் படாதவர் போல இருக்கப் பழகியிருந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டார். "அக்கா சொல்றதும் சரிதான்" என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "நீ யோசிக்கிறதும் சரிதான்" என்றார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று முழுக்க அவள் பதிவுகளைக் கேட்டபடி இருந்தாள். எத்தனை கேட்டாலும் புதிதாக ஒரு 'ஐயா' முளைக்கவில்லை. மாலையில் அண்ணி வந்து, கைப்பையில் எதை எதை வைத்துக்கொள்வது என்று கேட்டுவிட்டுப் போனார். நாளை அவரும் வருவதாக என்றைக்கோ முடிவாகியிருந்தது. குடும்பத்தினரும் வந்து உட்காரலாம் என்று அழைப்பிதழில் இருந்தது. 'நீங்க வர வேண்டாம் அண்ணி' என்று சொல்லிவிடலாமா என்று ஆராய்ச்சி பலமுறை வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். காலையில் பார்த்தால், அண்ணி எல்லோருக்கும் முன்னால் கிளம்பி வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

நிறுவனத்தின் அரங்கில் குளிர் தாங்கவில்லை. மேடைக்குக் கீழே நீள மேசை போட்டுத் தேர்வுக்குழு உட்கார்ந்திருந்தது. தலைவியாக ஒரு பேராசிரியை, பக்கத்தில் ஒரு மொழியியல்காரர், இன்னும் இருவர். முதலில் ஒரு இளைஞர், மலைப்பாதைப் பேருந்துகளால் மலைக் கிராமங்களின் உறவுமுறைகள் எப்படி மாறின என்பதைப் பற்றிப் பேசினார். பதற்றத்தில் இரண்டு தடவை தண்ணீரைக் கொட்டினார். அடுத்து வந்த பெண், எல்லைப் பகுதியின் கிணறுகளைப் பற்றி அழகாகப் பேசினாள். பிறகு ஆராய்ச்சியைக் கூப்பிட்டார்கள். மேடையேறித் திரும்பியபோது முதல் வரிசையில் அண்ணி தெரிந்தார். மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். பக்கத்தில் கணவர், கூரையைப் பார்த்தபடி.

அண்ணி சொன்னபடியே செய்தாள். அந்தப் பெண்மணியின் பேச்சைப் போட்டாள். 'ஐயா பெரிய மனுசரு' என்ற குரல் அரங்கில் ஒலித்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பல்லைக் கடிக்கும் ஓசைகூடக் கேட்டது. ஏறுமரியாதையை விளக்கினாள். கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னாள். கைதட்டல் வந்தது. தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லி, தலையாட்டிச் சிரித்தார். முடிந்தது என்று ஆராய்ச்சி மூச்சு விட்டாள். முதல் வரிசையில் அண்ணியும் மூச்சு விட்டது தெரிந்தது.

"ஒரு சின்ன ஆசை" என்றார் மொழியியல்காரர். "நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம், அந்தத் தராசுச் சண்டை. எங்க எல்லாருக்கும் பிடிச்ச இடம். அதையும் கொஞ்சம் போடுங்களேன், கேப்போம்."

திரையில் அந்தப் பக்கம் வந்து நின்றது. யாரோ உதவியாளர் அதற்குள் அதைத் தேடி எடுத்துவிட்டார்.

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் உதடுகள் அசைந்தன. கெட்டுப்போச்சுன்னு சொல்லு. பதிவு கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் நம்பாதவர் அங்கே யாரும் இல்லை. கொட்டகையில் உப்புக்காற்று, பழைய கருவி, காரணமா கிடைக்காது? அவள் பொய் சொல்லத் தெரியாதவளும் அல்ல. கல்லூரியில் லீவு வாங்க எத்தனையோ காய்ச்சலை வரவழைத்தவள்தான். "அது வந்து..." என்று தொடங்கினாள். இந்த வேலை கிடைத்தால் மூன்றாம் இயல் புத்தகமாகும். யாரோ ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு, பேருந்து பிடித்துக் கழிமுகத்துக்குப் போவாள். கொட்டகையில் நாள்கணக்கில் நின்று 'ஐயா' வருமா என்று காத்திருப்பாள். வராது. வராததற்குத் தன் காதுதான் குறை என்று நினைத்துக்கொள்வாள். அச்சில் இருப்பதை, ஆராய்ச்சியைப் போலவே அவளும் நம்பிவிடுவாள்.

"இருக்கு. போடறேன்" என்றாள்.

போட்டாள். எல்லோர் கண்ணும் திரையில் இருந்த 'ஐயா'வின் மேல் இருக்க, 'திருட்டுப்பயலே' என்று ஏலக்காரர் முழங்கினார். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. 'பெரியவரே' என்று எழுதியிருந்த இடத்தில் 'களவாணி' விழுந்ததும் பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், அரங்கமே வெடித்துச் சிரித்தது. நகைச்சுவைக்காக அவள் வேண்டுமென்றே செய்ததாகச் சிலர் நினைத்துக் கைகூடத் தட்டினார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். தட்டச்சில் வசவெல்லாம் மரியாதையாக மாறியிருப்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். மூன்றாம் இயலின் முடிவு நிற்காது. பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காதது என் தவறு, என் ஒருத்தியின் தவறு.

"அது சரிம்மா, இதை அடிச்சது யாரு?" என்றார் தலைவி.

"பொறுப்பு என்னுடையதுங்க."

"இதோ இருக்கே" என்றார் மொழியியல்காரர். அவர் கெட்டவர் அல்ல. இறுக்கத்தைக் குறைக்கலாம் என்றுதான் நினைத்திருப்பார். ஆய்வேட்டின் முதல் பக்கங்களைப் புரட்டி, 'என் விரல்களாக இருந்த அண்ணிக்கு' என்பதைச் சத்தமாக வாசித்தார். பெயரையும் இனிஷியலோடு வாசித்தார். "திருட்டுப்பயலே ஐயாவா மாறியிருக்கு பாருங்க! விருதை இந்த அம்மாவுக்கில்ல குடுக்கணும்!"

மறுபடியும் சிரிப்பு. அண்ணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அண்ணியின் முழங்கையைத் தட்டி ஏதோ சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணி அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். செய்யாமல் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? கைப்பையின் மேல் இருந்த கைகள் அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. மேடையில் நின்றவளுக்கு எல்லாம் தெரிந்தது. வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை நேற்றே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, இதைச் சொல்ல மட்டும் வந்தது.

விருது பேருந்துகளைப் பற்றி எழுதிய இளைஞருக்குப் போயிற்று. தலைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல காரியம் பண்ணினீங்க. ஆனா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். பல்கலைக்கழகத்துக்கு எழுதி மூன்றாம் இயலைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்தபோது அண்ணி ஏற்கெனவே காரின் பின்னிருக்கையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கார் கிளம்பியது. கணவர் ஒருமுறை வானொலியைப் போட்டு, உடனே அணைத்தார். அண்ணி எப்போதும் வண்டியில் வாய் ஓயமாட்டார். எந்தக் கடை மூடியிருக்கிறது, யார் வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆராய்ச்சி உடை மாற்றக்கூடத் தோன்றாமல் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. தன்னைத் திட்டுவதற்கு அண்ணி சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். திட்டட்டும். இத்தனை வருடத்தில் எத்தனை திட்டு! 'அறிவிருக்காடி உனக்கு', 'உன்னைக் கட்டிக்கிட்டு என் தம்பி படுற பாடு' என்று கொட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த நிமிடமே தட்டில் எதையாவது வைத்து நீட்டுகிறவர். அந்தத் திட்டுக்காகவே காத்திருந்தாள்.

அண்ணி டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

"அண்ணி, நான் உங்க பேரைச் சொல்லல. அவர்தான் தேடிப் படிச்சுட்டாரு."

"பாத்தேன்."

"தப்பு என்னோடதுதான். உங்களை வரவேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். திட்டிடுங்க அண்ணி. வாடி போடின்னு நல்லா நாலு வார்த்தை திட்டுங்க."

அண்ணி மேசையில் சிந்தியிருந்த ஒரு சொட்டைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு முறையும் துடைத்தார்.

"நான் எதுக்குங்க உங்களைத் திட்டப்போறேன்?" என்றார். "டீ ஆறிடும், குடிங்க. சக்கரை போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."